பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம்

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோடு இழுத்தால் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அதே மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு இழுத்தால் 400ஐத் தாண்டும். சென்னைவாசிக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம். இதைச் சொன்னால் சென்னையில் பலரும் நம்புவதில்லை. வரைபடத்தைக் காட்டிய பிறகும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். திருச்சியிலிருந்து பலாலிக்கு 200 கிலோமீட்டர்கூட வராது. யாழ்ப்பாணத்துக்காரர் தம் நாட்டுத் தலைநகருக்குச் சாலை வழியே போக வேண்டுமென்றால் 400 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

நம்பாததில் வியப்பில்லை. ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்பதைக் கிலோமீட்டரில் யாரும் உணர்வதில்லை. போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது, எத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது, போனால் திரும்பி வர முடியுமா என்பதை வைத்தே உணர்கிறோம். அந்தக் கணக்கில் ஒரு தலைமுறைக்கு யாழ்ப்பாணம் லண்டனைவிடத் தொலைவில் இருந்தது. இன்று விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. விமானத் தொழில்நுட்பம் வளர்ந்ததால் வந்த வசதி இது என்று நினைத்துவிடக் கூடாது. ஏறக்குறைய இதே நேரத்தில் 1947லேயே போக முடிந்தது.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படைக்காகப் போடப்பட்டது. போர் முடிந்து படை போன பிறகு பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 1947 டிசம்பர் 10ஆம் தேதி, இலங்கை சுதந்திரம் பெற இன்னும் இரண்டு மாதம் இருக்கையில், ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானம் கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து கிளம்பியது. ‘சீதாதேவி’ என்று பெயரிடப்பட்ட டகோட்டா விமானம். அது பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் பறந்தது. ஒரு நாட்டின் விமான நிறுவனம் தன் முதல் சேவைக்குத் தேர்ந்தெடுத்த பாதை கொழும்பு - யாழ்ப்பாணம் - சென்னை. அதற்கும் முன்பு, 1935இல் ரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய விமானமே சென்னையிலிருந்து போனதுதான். சென்னைப் பறக்கும் கழகத்தின் சிறிய பஸ் மாத் விமானம் அது. இந்த வான்பாதையின் வயது தமிழ்நாட்டின் பல நகரங்களுக்கிடையே உள்ள வான்பாதைகளின் வயதைவிட அதிகம்.

டகோட்டா மணிக்கு 270, 280 கிலோமீட்டர் வேகத்தில் போகக்கூடியது. 350 கிலோமீட்டரைக் கடக்க, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். இன்று இதே பாதையில் பறப்பது ஏடிஆர் 72. அதுவும் இரண்டு சுழலிகள் கொண்ட விமானம்தான். ஆனால் மணிக்கு 500 கிலோமீட்டர் வரை போகும். அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். எழுபது ஆண்டு விமானப் பொறியியல் இந்தப் பயணத்தில் மிச்சம்பிடித்துக் கொடுத்தது கால் மணி நேரம். இடையில் நாற்பது ஆண்டு காணாமல் போனதற்கும் பொறியியலுக்கும் சம்பந்தமில்லை.

டகோட்டாவில் போனவர்கள் கொஞ்சப் பேர். வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், கையில் காசிருந்த வணிகர்கள். மற்றவர்களுக்கு இருந்தது போட் மெயில். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கலாம். மேடையை ஒட்டியே கப்பல் நிற்கும். இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்கள் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரில் விடும். அங்கே கொழும்புக்குப் போகும் ரயில் தயாராக இருக்கும். எழும்பூரிலேயே கொழும்புக் கோட்டை வரை ஒரே டிக்கெட் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். அது உண்மை.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு மட்டும் இந்தப் பாதையில் ஒரு சுற்று இருந்தது. தலைமன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் எழுபது கிலோமீட்டர்தான். ரயில் பாதையோ தென்கிழக்கே மதவாச்சி வரை போகிறது. அங்கே இறங்கி வடக்கு நோக்கி வரும் ரயிலுக்கு மாற வேண்டும். எழுபது கிலோமீட்டருக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்று. கொழும்பை மையமாக வைத்துப் பாதை போட்டால் வடக்கத்தியார் எப்போதும் தெற்கே போய்த்தான் திரும்ப வேண்டும். பின்னால் விமானத்திலும் அவர்கள் பட்டது இதே பாடுதான்.

போட் மெயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வகுப்புப் பெட்டியையும் கப்பல் மேல்தளத்தையும் பற்றி எழுதுவார்கள். அதே பாதையில் போன இன்னொரு கூட்டம் இருந்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன தொழிலாளர்கள். அவர்கள் மண்டபத்தில் இறக்கப்பட்டு, நோய்த் தடுப்பு முகாமில் நாள்கணக்கில் வைக்கப்பட்டார்கள். ஆடைகளைக் கொதிநீராவியில் போட்டு எடுத்து, ஊசி குத்தி, சோதித்த பிறகே கப்பலில் ஏற்றினார்கள். அருகே இருந்த அதே கடலைக் கடக்க வெள்ளைக்காரத் துரைக்கு ஆன நேரம் வேறு, ராமநாதபுரத்து விவசாயக் கூலிக்கு ஆன நேரம் வேறு. அந்த மண்டபம் முகாம்தான் 1983க்குப் பிறகு படகில் வந்த அகதிகளுக்கும் முதல் தங்குமிடம் ஆனது. 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது பட்டினிக்குப் பயந்து வந்தவர்களையும் அங்கேதான் வைத்தார்கள். போகிறவர்களையும் வருகிறவர்களையும் ஒரு நூற்றாண்டாக நிறுத்திவைத்த இடம். இந்தப் பயணத்தின் வரலாற்றை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் நான் விமான நிலையத்தைச் சொல்லமாட்டேன், மண்டபத்தைச் சொல்வேன்.

ரயிலும் விமானமும் வருவதற்கு முன்பும் இந்தப் போக்குவரத்து ஓய்ந்ததில்லை. ஆறுமுக நாவலர் 1849இல் அச்சுக்கூடம் வாங்கச் சென்னைக்கு வந்தார். வந்த இடத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டத்தைக் கொடுத்தது. 1864இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் நிறுவினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்தவர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் தாமோதரம்பிள்ளை அச்சேற்றியது இக்கரையில். இவர்கள் யாரும் வெளிநாட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துப் பாய்மரம் ஏறியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வடகரை வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய ‘அன்னபூரணி’ பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கடலோடிகளுக்கு அறுபது கிலோமீட்டரில் இருக்கும் கோடிக்கரை ஒரு பொருட்டே இல்லை. எம்ஜிஆர் படம் பார்க்க மாலையில் வள்ளத்தில் கிளம்பி, படம் பார்த்துவிட்டு விடிவதற்குள் திரும்பிய கதைகளை வல்வெட்டித்துறையில் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொன்னாலும் அடிப்படையில் நடக்கக்கூடிய காரியம்தான்.

பாதை ஒரே நாளில் மூடப்படவில்லை. முதலில் இயற்கை கைவைத்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ‘ராமானுஜம்’ கப்பல் ஓடியது. 1970களில் இலங்கை அரசின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் தமிழ்நாட்டு வார இதழ்களின் வரத்து குறைந்தது. 1978இல் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983 ஜூலையில் தமிழர்கள்மீது நடந்த வன்முறைக்குப் பிறகு எல்லாமே மாறிப் போயிற்று. அடுத்த ஆண்டு ராமானுஜமும் நின்றது. பலாலி இராணுவத் தளமாகிவிட்டது.

போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த விமானங்கள் என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் 1987 ஜூன் 4ஆம் தேதியைச் சொல்வார்கள். முதல் நாள் ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. இலங்கையில் அதைப் பருப்புப் போட்ட கதை என்றே இன்றும் பேசுகிறார்கள். ஏழு, எட்டு நிமிடத்தில் கடந்துவிடக்கூடிய கடலுக்கு இரண்டு அரசுகளின் மானப் பிரச்சினை குறுக்கே நின்ற நாள் அது.

1990 ஜூனில் கொழும்பு - யாழ்ப்பாணம் ரயிலான யாழ்தேவி நின்றது. குடாநாட்டுக்குள் போகும் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர வேண்டுமென்றால் இரவில், விளக்கில்லாமல், கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடக்க வேண்டும். கடற்படை சுடும். அப்படிச் செத்தவர்கள் ஏராளம். 1995க்குப் பிறகு குடாநாடு இராணுவத்தின் கைக்கு வந்ததும் பலாலியிலிருந்து ரத்மலானைக்குப் பயணிகள் விமானம் ஓடியது. பாஸ் வாங்கி, வரிசையில் நின்று, இராணுவ முகாமுக்குள் போய் ஏற வேண்டிய விமானம். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் அன்டனோவ் விமானம் 55 பேரோடு கடலில் விழுந்தது. அதன் சிதைவுகள் இரணைதீவுக் கடலில் கண்டுபிடிக்கப்பட 2012 வரை ஆயிற்று. பதினான்கு ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் எதை நம்புவது என்று தெரியாமல் இருந்தன.

அந்த ஆண்டுகளின் குழப்பத்துக்கு ஒரு சின்னச் சான்று கடிகாரம். 1996இல் மின்சாரத்தை மிச்சப்படுத்த இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. பிறகு அரை மணி நேரம் குறைத்தது. 2006 ஏப்ரல் வரை இலங்கை இந்தியாவைவிட அரை மணி நேரம் முன்னே ஓடியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இதை ஏற்கவில்லை. பழைய நேரத்தையே வைத்துக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் ஒரு நேரம், சில மைல் தள்ளி வன்னியில் வேறு நேரம். வன்னியின் கடிகாரமும் சென்னையின் கடிகாரமும் ஒன்று.

2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்து, 2006இல் முகமாலையில் மீண்டும் மூடப்பட்டு, 2009க்குப் பிறகு முழுதாகத் திறந்தது. 2014 அக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. ஆனால் சென்னைக்கு வர வேண்டுமென்றால் அப்போதும் கொழும்பு வழிதான். இரவு யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறினால் விடியற்காலையில் கொழும்பு. அங்கிருந்து கட்டுநாயக்கா. மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேர விமானத்தில் சென்னை. வாசலிலிருந்து வாசல் வரை பெரும்பாலும் ஒரு முழு நாள்.

கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 640 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோடு யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலாகப் போகும். இரவெல்லாம் பேருந்தில் தெற்கே போனவர், காலையில் விமானத்தில் ஏறி, தன் வீட்டுக் கூரைக்கு மேலேயே திரும்பி வடக்கே பறந்தார். மூட்டுவலியோடு வேலூருக்கோ மதுரைக்கோ சிகிச்சைக்குக் கிளம்பிய முதியவர்களும் இப்படித்தான் போனார்கள். 2010இல் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் திறக்கும் வரை விசாவுக்கே கொழும்பு போய்வர வேண்டும். நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான். போர் முடிந்து பத்தாண்டுகள் ஆகியும் இந்தச் சுற்று எதற்காக நீடித்தது என்பதற்கு நியாயமான ஒரு விடையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி ‘யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்’ ஆயிற்று. அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏடிஆர் சென்னையிலிருந்து போய் இறங்கியது. நவம்பர் 11 முதல் வாரத்துக்கு மூன்று நாள் சேவை. நாற்பது ஆண்டு கழித்து நேர்வழி திறந்ததென்று யாழ்ப்பாணம் மூச்சு விடுவதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா. உலகத்தில் ஏறக்குறைய எல்லா விமானங்களும் நின்றன. மற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பியபோதும் இது திரும்பவில்லை. 2022 டிசம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் 1 அன்று இண்டிகோ தினசரி சேவையைத் தொடங்கியது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும். திருச்சி - யாழ்ப்பாணம் ஒரு மணி நேரம்.

சென்னை விமான நிலையத்தில் யாழ்ப்பாண வரிசையைத் தேட வேண்டியதில்லை. எங்கே எடைத்தராசைச் சுற்றிக் கூட்டமாகப் பெட்டிகளைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்கிறார்களோ அதுதான். சிறிய விமானம், சுமைக்குக் கறாரான வரம்பு. எனக்கு முன்னால் நின்ற இணுவில் அம்மாவின் பெட்டி ஒரு கிலோ அதிகம். “பிள்ளை, ஒரு கிலோதானே கூட, விடுங்கோவன்” என்று கெஞ்சுகிறார். முகப்பில் இருந்த பெண் பணிவாகவே, “சின்ன ஃபிளைட்டும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்கிறார். அம்மா தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். மேலே, செய்தித்தாளில் சுற்றிய பித்தளைக் குத்துவிளக்கின் தண்டு. அடியில், பேரக்குழந்தைகளுக்கான சட்டைகளுக்கும் பஞ்சாங்கத்துக்கும் நடுவே, ஓர் அட்டைப்பெட்டியில் காஞ்சிபுரச் சேலை. தண்டைக் கைப்பைக்கு மாற்றினார். சேலைப் பெட்டியின் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, சேலையை மட்டும் துண்டில் சுற்றி வைத்தார். எடை சரியாயிற்று. இதையெல்லாம் அவர் பதற்றமின்றிச் செய்த விதத்தைப் பார்த்தால், பழகியவர் என்று தெரிந்தது.

விமானத்திலும் பக்கத்து இருக்கை அவருக்கே வாய்த்தது. பேத்தியின் கலியாணத்துக்குக் கூறை எடுக்க வந்தாராம்.

“என்ரை கூறையும் மெட்ராஸிலைதான் எடுத்தது, தம்பி. அய்யா ராமானுஜம் கப்பலிலை வந்து எடுத்துக்கொண்டு போனவர். போய் வர எத்தினை நாள் எண்டு நினைக்கிறியள்? ஒரு கிழமை. என்ரை மகளுக்கு ஒண்டும் இல்லை. சண்டைக்காலம். இரவல் கூறை உடுத்தித்தான் கட்டினவ.”

“இப்போது வசதியாகிவிட்டது, இல்லையா அம்மா?”

“காலமை தியாகராய நகரிலை தோசை. பின்னேரத் தேத்தண்ணி வீட்டை. ஓம், வசதிதான்.” கொஞ்ச நேரம் கழித்து அவரே சேர்த்துக்கொண்டார். “ஆனால் உவங்கள் எப்ப நிப்பாட்டுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும். அதுதான் ரண்டாவது பேத்திக்கும் சேர்த்து எடுத்திட்டன்.”

இரண்டாவது பேத்திக்கு இன்னும் மாப்பிள்ளை பார்க்கவில்லை என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். சேவை தொடங்கியது, நின்றது, தொடங்கியது என்று நான் தேதிவாரியாக எழுதிய வரலாறு, இணுவிலில் ஒரு வீட்டில் இப்படித் திட்டமாகியிருக்கிறது. அடுத்த விமானம் இருக்கும் என்ற நம்பிக்கை இன்னும் வரவில்லை.

மாமல்லபுரம் தாண்டியதும் விமானம் கடலின் மேலேயே போகிறது. வலப்பக்க சன்னலோரம் உட்கார்ந்தால், தெளிந்த நாளில், கரை ஒரு வெள்ளைக் கோடாகக் கூடவே வரும். கோடிக்கரையில் அது மேற்கே மடங்கிப் போய்விடும். விமானம் தாழத் தொடங்குவதற்கும் அதற்கும் அதிக இடைவெளி இல்லை. பனைமரத் தலைகள் தெரியும்; அதன் பிறகு வலிகாமத்தின் செம்பாட்டு மண். வெங்காயமும் புகையிலையும் போட்ட சிறுசிறு பாத்திகள். தமிழ்நாட்டுக் கரையில் பார்த்த நிறம் எதுவும் அங்கே இல்லை. ஏணியில் இறங்கி, வெயிலில் நடந்து, சின்னக் கட்டடத்துக்குள் போக வேண்டும். திறந்த புதிதில் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் எழுதப்பட்டிருந்ததற்குத் தெற்கில் சிலர் முணுமுணுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் விமானம் இறங்குகிறது, அங்கே தமிழ் முதலில் இல்லாமல் வேறெங்கே இருக்கும்?

கடல்வழியும் திறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ‘செரியாபாணி’ கப்பல் போயிற்று. சில நாளிலேயே வடகிழக்குப் பருவக்காற்று நிறுத்திவிட்டது. 2024 ஆகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ ஓடுகிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் விடாது. சுமை அதிகம் கொண்டுபோகிறவர்களுக்குக் கப்பலே நல்லது. இணுவில் அம்மாவிடம் சொன்னேன், வாந்தி வரும் என்று மறுத்துவிட்டார்.

யார் போகிறார்கள் என்று பார்த்தால் இந்த வழியின் தேவை புரியும். சிதம்பரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டவர்கள், கண் அறுவைக்கும் இருதய சிகிச்சைக்கும் வருகிறவர்கள், தி.நகரில் கலியாணச் சாமான் வாங்குகிறவர்கள், கனடாவிலிருந்து சென்னை வந்து அங்கிருந்து பாட்டி வீட்டைப் பார்க்கப் போகும் இளைஞர்கள். இன்னொரு வகையும் உண்டு. தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது, நாற்பது ஆண்டு கழித்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கும் அகதிகள். அவர்கள் வந்தது இரவில் படகில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. திரும்புவது சன்னலோர இருக்கையில், ஒரு மணி நேரத்தில். அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வெளியேற்ற அனுமதிக்கு அலைந்த மாதங்கள் இருக்கின்றன. 2025இல் அப்படித் திரும்பிய ஒரு முதியவர், முன்பு கடவுச்சீட்டில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்ற காரணத்துக்காகப் பலாலியிலேயே கைதானார். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு விடுவித்தார்கள். குண்டுக்குத் தப்பி ஓடியவர் எந்தக் குடியகல்வு முகப்பில் முத்திரை குத்திக்கொண்டு ஓடியிருக்க முடியும்? இப்படிக் கைதுசெய்ய வழிவிடும் சட்டத்தை அகதிகளுக்குப் பொருந்தாதபடி திருத்துவதற்கு விமானத்தைவிட அவசரம் இருக்கிறது.

இப்போது பலாலியைப் பற்றிய பேச்சு ஓடுபாதையைச் சுற்றியே நடக்கிறது. உள்ள ஓடுபாதையில் பெரிய ஜெட் இறங்க முடியாது; ஏடிஆர் வகை மட்டுமே வர முடிகிறது. நீட்டினால் பெரிய விமானம் வரும், சுமை வரம்பு தளரும், கட்டணம் குறையும், திருச்சியையும் சென்னையையும் தாண்டிப் பிற ஊர்களுக்கும் பறக்கலாம். இவை எல்லாம் நியாயமான ஆசைகள். நானும் அதையே விரும்புகிறேன்.

ஆனால் ஓடுபாதையைச் சுற்றி இருக்கும் பலாலி, வசாவிளான், மயிலிட்டி, தையிட்டி ஆகிய ஊர்களின் மக்கள் 1990இல் உடுத்த துணியோடு வெளியேற்றப்பட்டவர்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டு அவர்களுடைய வீடும் வயலும் கிணறும் உள்ளே எடுத்துக்கொள்ளப்பட்டன. போர் முடிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்டாலும் எல்லாம் விடப்படவில்லை. இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, தன் சொந்தக் காணியைத் தெருவில் நின்றபடி வேலிக்கு அப்பால் பார்த்துப் பழகியிருக்கிறது. வலிகாமத்தின் செம்பாட்டு நிலம் இலங்கையிலேயே வளமானவற்றில் ஒன்று. அந்த மண்ணில் ஒரு பரப்புக் காணி என்றாலும் அதை வைத்து ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும். ஓடுபாதையை நீட்டுவதற்கு வேண்டிய நிலத்தை, போர்க்காலத்தில் எடுத்த அதே நிலத்தோடு சேர்த்து ஒரே கோப்பில் முடித்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், சென்னைக்குப் போகும் அந்த ஒன்றேகால் மணி நேரத்தை மயிலிட்டிக்காரர் கொண்டாட முடியாது.

செய்யக்கூடியது இருக்கிறது. விமான நிலையத்துக்கு உண்மையில் எவ்வளவு காணி வேண்டும் என்பதை அளந்து, வரைபடத்தைப் பிரதேச செயலகத்தில் மக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டும். அந்த அளவுக்கு வெளியே இராணுவம் வைத்திருப்பதைக் காணி உறுதிப்பத்திரம் வைத்திருக்கும் உரிமையாளர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். எடுப்பதற்குச் சந்தை விலையைக் கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும். சென்னையிலிருந்து போகிற நாமும் பலாலியில் இறங்கியதும் நல்லூருக்குப் பறக்காமல், காங்கேசன்துறைப் பக்கமாக ஒரு முறை வண்டியை விடச் சொல்லலாம். வேலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஓட்டுநரே காட்டுவார். பெரும்பாலும் அவருடைய காணியும் அதற்குள்தான் இருக்கும்.